மெழுகுவர்த்தி ஏன் கூன் விழுகிறது?

காவேரிப்பாக்கம் என்றால் சரித்திரம் படித்தவர்களுக்கு இரண்டு விஷயங்கள் ஞாபகம் வரும். ஒன்று ஏரி. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்து ஏரி. கல்வெட்டுகளில் ஊரின் பெயர் காவிதிப்பாக்கம் என்கிற அவனிநாராயண சதுர்வேதிமங்கலம். அவனிநாராயணன் என்பது அந்த மன்னனின் பட்டப்பெயர்தான். இன்னொன்று சண்டை. 1752 பிப்ரவரியில் ராபர்ட் கிளைவின் படையை வழிமறிக்க, ராஜா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் இங்கே மாந்தோப்புக்குள் பீரங்கிகளை மறைத்து வைத்துக் காத்திருந்தார்கள். சாயங்காலம் தொடங்கிய சண்டை நிலா வெளிச்சத்தில் முடிந்தது.

மூன்றாவது விஷயத்துக்குக் கல்வெட்டு தேவையில்லை. வெயில்! வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்து மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்த மாதத்தில், வீட்டில் ஆசையாகச் செய்த வாசனை மெழுகுவர்த்தியை ஜன்னலோரம் வைத்துவிட்டு வேலைக்குப் போனால், திரும்பி வரும்போது அது கூன் விழுந்து சுவரில் சாய்ந்திருக்கும். விற்கச் செய்தவராக இருந்தால் மெழுகு, வாசனை எண்ணெய், கேஸ் எல்லாம் நஷ்டக் கணக்கு. 1989ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கித் தமிழ்நாடு முழுவதும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்களில் ஊறுகாய், அப்பளம், பினாயில் வரிசையில் மெழுகுவர்த்தியும் ஒரு பயிற்சி. பயிற்சியில் செய்முறை சொல்லித் தருவார்கள். வளைந்தால், புகைந்தால், குழி விழுந்தால், வாசனையே வராவிட்டால் என்ன செய்வது என்பது பெரும்பாலும் கைக்காசைக் கரைத்துக் கற்கும் பாடம்.

இந்தக் குறைகளில் ஒன்றுகூடப் புதிதல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் கொழுப்பு, சுண்ணாம்பு, இலங்கைத் தேங்காய், ரங்கூன் எண்ணெய், ஏன், ஆர்சனிக் விஷம் கூட வருகிறது.

முதலில் நம்ம ஊர்க் கணக்கு. தமிழர்களுக்கு மெழுகு தெரியாததல்ல. சோழர் கால வெண்கலச் சிலைகள் எல்லாம் மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றி வார்த்தவைதான். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்ப்பார்கள். வெயில் காலத்துக்கு ஒரு அளவு, மழைக் காலத்துக்கு வேறு அளவு. மெழுகை நாட்டுத் தட்பவெப்பத்துக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்ற அறிவு இங்கே ஆயிரம் வருஷமாக இருந்திருக்கிறது. ஆனால் அந்த மெழுகை யாரும் விளக்காக எரிக்கவில்லை. எரிக்க நல்லெண்ணெய் இருந்தது, இலுப்பெண்ணெய் இருந்தது, ஆமணக்கு இருந்தது. கோயிலுக்கு நெய். ஒரு நந்தா விளக்கு நிரந்தரமாக எரிய 90 அல்லது 96 ஆடுகளைத் தானம் கொடுத்ததாகக் கல்வெட்டுகள் சொல்கின்றன. 'சாவா மூவாப் பேராடு' என்று அதற்குப் பெயர். செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி சேர்ந்துகொண்டே இருக்கும், எண்ணிக்கை குறையாது, ஆகவே மந்தைக்குச் சாவும் இல்லை மூப்பும் இல்லை. முதலில் கை வைக்காமல் வருமானத்தை மட்டும் செலவழிக்கும் அறக்கட்டளைதான் இது. காமர்ஸ் பாடப் புத்தகத்தில் தாராளமாகச் சேர்க்கலாம்.

ஐரோப்பாவில் ஆட்டை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். ஆட்டுக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் உருக்கி, திரியை முக்கி முக்கி எடுத்துச் செய்ததுதான் ஏழைகளின் மெழுகுவர்த்தி. தேன்மெழுகு தேவாலயத்துக்கும் பணக்காரர்களுக்கும். லண்டனில் இரண்டு தொழிலுக்கும் தனித்தனிச் சங்கங்களே இருந்தன. கொழுப்பு மெழுகுவர்த்திக்காரர்களுக்கு அரச சாசனம் கிடைத்தது 1462ல், தேன்மெழுகுக்காரர்களுக்கு 1484ல். கொழுப்பு வர்த்தி நாறும், புகையும், சில நிமிஷத்துக்கு ஒரு தரம் கரிந்த திரியைக் கத்தரிக்க ஆள் வேண்டும். கோடையில் தொட்டால் பிசுபிசுக்கும். கொழுப்பு உருகுவதே 40 முதல் 45 டிகிரிக்குள். வேலூர் மே மாதத்தில் அது எப்படி நிற்கும்?

இன்றைக்கு வீட்டில் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்: இங்கிலாந்தில் 1709ல் மெழுகுவர்த்திக்கு வரி போட்டார்கள். உரிமம் வாங்காமல், வரி கட்டாமல் வீட்டில் மெழுகுவர்த்தி செய்வது குற்றம் ஆனது. 1831 வரை, 120 வருஷத்துக்கு மேல் இது நீடித்தது. நாணல் தண்டைக் கொழுப்பில் முக்கி எரிக்கும் ஏழை விளக்குக்கு மட்டும் விலக்கு. கில்பர்ட் வைட் என்ற பாதிரியார் 1789ல் வந்த தன் புத்தகத்தில் இதற்கு ஒரு காஸ்ட் ஷீட்டே போட்டிருக்கிறார். நாணல் விளக்கில் அரைப் பென்னிக்குப் பதினோரு மணி நேர வெளிச்சம். அதே அரைப் பென்னிக்குக் கடை மெழுகுவர்த்தி வாங்கினால் இரண்டு மணி நேரம்தான். பரம ஏழைகள்தான் கடை மெழுகுவர்த்தி வாங்கினார்கள் என்பதுதான் அவருடைய வருத்தம். மொத்தமாகக் கொழுப்பு வாங்க முதல் இல்லாதவன் சில்லறையில் அதிக விலை கொடுக்கிறான். சாஷே ஷாம்பு கதை அன்றைக்கே இருந்திருக்கிறது.

இனி கூன் விழும் பிரச்சினைக்கு வருவோம். அதைத் தீர்த்தவர் மிஷெல் யூஜின் செவ்ருல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். (1786ல் பிறந்து 1889ல் இறந்தார். 102 வயது!) கொழுப்பு என்பது ஒரே பொருள் அல்ல, கிளிசரினும் சில அமிலங்களும் சேர்ந்தது என்று அவர் கண்டுபிடித்து 1823ல் புத்தகமாக எழுதினார். அந்த அமிலங்களில் ஒலியிக் சாதாரண வெப்பத்தில் திரவம். ஸ்டியரிக் அமிலம் கெட்டி. சுத்தமானது உருக 69 டிகிரி வேண்டும். ஆக, கொழுப்பிலிருந்து திரவப் பகுதியைப் பிழிந்து எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெள்ளையாக, கெட்டியாக, நாற்றம் இல்லாமல், நிமிர்ந்து நிற்கும். 1825ல் கே-லுசாக்குடன் சேர்ந்து இதற்குக் காப்புரிமை வாங்கினார் செவ்ருல். வியாபாரம் ஓடவில்லை. நல்ல கண்டுபிடிப்பாளர் நல்ல வியாபாரியாக இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே.

அதை ஓட வைத்தவர் தெ மில்லி என்பவர். 1830களின் தொடக்கத்தில், செலவு அதிகம் பிடித்த காரத்துக்குப் பதிலாக அவர் மலிவான சுண்ணாம்பைப் போட்டுக் கொழுப்பைப் பிரித்தார். பிறகு அமிலம் விட்டுச் சுண்ணாம்பை நீக்கினார். அவ்வளவுதான், விலை இறங்கியது.

சுண்ணாம்பு என்றதும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு ஒரு காட்சி கண்ணில் வர வேண்டும். டேனரியில் தோல் வந்ததும் நடக்கும் ஆரம்ப வேலைகளில் ஒன்று, அதைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பது. முடி கழன்று வரும். பிறகு தோலின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் சுரண்டி எடுப்பார்கள். அந்தச் சுரண்டல் கழிவு என்பது என்ன? கொழுப்பும் சுண்ணாம்பும் ஊறிக் கலந்த பொருள். தெ மில்லியின் தொட்டியில் வேண்டுமென்றே சேர்த்த அதே இரண்டும் டேனரிக் குழியில் தாமாகவே சேர்ந்து கிடக்கின்றன. அமிலம் விட்டுச் சூடாக்கினால் கொழுப்பு மேலே மிதக்கும். சென்னையில் 1948ல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் கழிவிலிருந்து கொழுப்பை மீட்பது பற்றி ஆய்வுகள் செய்திருக்கிறது. ஆனால் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். முடியும் புரதமும் சேர்ந்த கலவை வேறு. சிறிய டேனரிக்குப் பிரித்தெடுக்கும் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே ஒரு பங்கு வஜ்ஜிரப் பசை காய்ச்சப் போனது, மிச்சம் குப்பையானது. இந்த வட்டாரத்து டேனரிகள் நிலத்தையும் பாலாற்றையும் என்ன செய்தன என்பது உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஆகஸ்ட் 28ல் தீர்ப்பான கதை. துணைப்பொருளா, கழிவா என்பதை வேதியியல் பாதி, விலைப் பட்டியல் பாதி தீர்மானிக்கிறது. கிளிசரினையும் ஆரம்பத்தில் இப்படித்தான் வீணாகக் கொட்டினார்கள். பிறகு மருந்துக்கும், 1860களில் டைனமைட்டுக்கும் தேவை என்றானதும் அது சரக்கு ஆகிவிட்டது.

லண்டனில் 1830ல் மெழுகுவர்த்திக் கம்பெனி தொடங்கிய வில்சன், லங்காஸ்டர் என்ற இருவர் தங்கள் சொந்தப் பெயரைப் போடவே இல்லை. 'எட்வர்ட் பிரைஸ்' என்று இல்லாத ஒரு முதலாளியின் பெயரில் கடை விரித்தார்கள். கொழுப்பு காய்ச்சும் தொழில் கௌரவக் குறைவு, நாற்றம் பிடித்தது என்று ஊர் பேசுமே என்ற பயம். தோல் தொழில் செய்பவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. இங்கே அதோடு சாதியும் சேர்ந்துகொண்டது, பெயரை மாற்றிக்கொண்டு தப்பிக்கவும் முடியாது. அந்த பிரைஸ் கம்பெனி தேங்காய் எண்ணெயின் கெட்டிப் பகுதியைப் பிரிக்கும் காப்புரிமையை வாங்கி, இலங்கையில் ஆயிரம் ஏக்கர் தென்னந்தோப்பும் வாங்கியது. தேங்காய்ப் பகுதியும் ஸ்டியரினும் கலந்த வர்த்தியை 1840ல் விக்டோரியா ராணியின் கல்யாணத்தை ஒட்டிச் சந்தைக்கு விட்டார்கள். கல்யாண இரவில் வீட்டு ஜன்னல்களில் மெழுகுவர்த்தி ஏற்றுவது அங்கே வழக்கம். திரி கத்தரிக்க வேண்டாம், விலையும் மலிவு. பிய்த்துக்கொண்டு போனது.

திரி கத்தரிக்கத் தேவை இல்லாமல் போனதற்குக் காரணம் பிரெஞ்சுக்காரர் கம்பாசெரெஸ். 1825ல் அவர் திரியை முறுக்காமல் பின்னினார். பின்னல் திரி எரியும்போது நுனி ஒரு பக்கமாக வளைந்து சுடரின் ஓரத்துக்குப் போகும். அங்கே காற்றுப்பட்டு முழுதாக எரிந்துவிடும். முறுக்கிய திரி சுடரின் நடுவிலேயே நிற்கும்; காற்று இல்லாமல் கரிந்து, காளான் மாதிரி தலை வைத்து, புகை கக்கும். இன்றைக்கு வீட்டில் செய்யும் மெழுகுவர்த்தி புகைவதற்கு நம்ம ஊரில் முக்கியக் காரணம் இதுதான். குத்துவிளக்குக்கு விற்கும் பஞ்சுத் திரியை எடுத்து மெழுகுக்குள் நிறுத்திவிடுகிறார்கள். அது எண்ணெய்க்குத்தான் சரி. பின்னல் திரி கிடைக்காவிட்டால் பருத்தி நூலை ஜடை போலப் பின்னி, வெண்காரமும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, நன்றாகக் காயவைத்து, உருகிய மெழுகில் ஒரு முறை முக்கி எடுத்துப் பயன்படுத்தலாம். தெ மில்லி திரியைப் போரிக் அமிலத்தில் ஊறவைத்தார். சாம்பல் கண்ணாடி மணி போல உருண்டு உதிர்ந்துவிடும். (கேரம் போர்டில் தூவுகிறோமே, அந்தப் பவுடர்தான் போரிக் அமிலம்.)

ஸ்டியரினுக்கு ஒரு குறை இருந்தது. ஆறும்போது பெரிய பெரிய படிகங்களாக உறைந்து, பார்க்க உப்புப் பூத்த சுவர் போல ஆகும், உடையும். இதைச் சரி செய்ய 1830களில் சில உற்பத்தியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆர்சனிக் கலந்தார்கள். படிகம் மறைந்தது, வர்த்தி வழவழவென்று தேன்மெழுகு போலவே இருந்தது. எரிக்கும்போது அறை முழுக்க ஆர்சனிக் புகை. 1837ல் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவச் சங்கம் விசாரித்து எச்சரித்த பிறகுதான் மாற்று வழி தேடினார்கள். அந்த மாற்று வழி வெட்கப்படும் அளவுக்கு எளிமையானது. கொஞ்சம் மெழுகு சேர்க்க வேண்டும், அச்சைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும், ஸ்டியரினைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல் கிட்டத்தட்ட உறையும் நிலைக்கு ஆறவிட்டு ஊற்ற வேண்டும். இன்றும் மேலே வெள்ளைப் பூத்தால் வைத்தியம் இதேதான். தெரியாத பவுடரைக் கலந்து குறையை மறைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். மெழுகுவர்த்தியில் கலப்பது எல்லாம் கடைசியில் மூக்குக்குள் போகிறது.

பிறகு பாரஃபின் வந்தது. ஜேம்ஸ் யங் 1850ல் காப்புரிமை வாங்கினார். பர்மாவின் ரங்கூன் எண்ணெயில் மெழுகு நிறைய இருந்ததால் 1850களிலேயே பிரைஸ் கம்பெனி அதை இறக்குமதி செய்தது. 1886ல் தொடங்கிய பர்மா ஆயில் கம்பெனி சிரியம் ஆலையில் மெழுகும் மெழுகுவர்த்தியும் செய்தது. 1942ல் ஜப்பானியர் வருவதற்கு முன் ஆங்கிலேயர்களே அந்த ஆலையை அழித்தார்கள். பர்மாத் தமிழர்கள் நடந்தே ஊர் திரும்பிய அதே வருஷம். சுதந்திர இந்தியாவில் பாரஃபின் பற்றாக்குறைச் சரக்கு. 1972ல் அதன் விநியோகத்துக்கும் விலைக்கும் மத்திய அரசு தனி ஆணையே போட்டது. தீப்பெட்டிக்கும் மெழுகுவர்த்திக்கும் தமிழ்நாட்டில் சிட்கோ வழியாக ஒதுக்கீடு. மெழுகுவர்த்தித் தொழிலில் லாபம் திரியில் இல்லை, ஒதுக்கீட்டில் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. இன்று பாரஃபின் கட்டிகளைச் சில்லறையில் வாங்கிவிடலாம். 2008ஐ ஒட்டிய மின்வெட்டு வருஷங்களில் எல்லா வீட்டிலும் எரிந்தது இந்த வெள்ளைப் பாரஃபின் வர்த்திதான்.

பாரஃபினுக்கும் அதே கூன் நோய் உண்டு. உருகுநிலைக்கு வெகு முன்பே அது இளகத் தொடங்கிவிடும். அன்றைக்குக் கண்ட மருந்து, செவ்ருலின் ஸ்டியரிக் அமிலத்தைக் கொஞ்சம் சேர்ப்பது. ஆகவே காவேரிப்பாக்கம் வெயிலுக்கு: 58 முதல் 60 டிகிரியில் உருகும் பாரஃபின் ஒரு கிலோ, ஸ்டியரிக் அமிலம் 100 கிராம். அடுப்பில் நேராக வைக்காமல், தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். மெழுகில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தட்டு போட்டு மூடி அடுப்பை அணைக்க வேண்டும். அமெரிக்காவில் 1990களில் வந்த சோயா மெழுகு இயற்கையானது என்று பலர் வாங்குகிறார்கள். கண்ணாடிக் குவளையில் ஊற்றி உள்ளறையில் வைத்தால் சரி. தனியாக நிற்கும் வர்த்தியாக்கி மே மாதம் பார்சலில் அனுப்பினால் வாங்கியவருக்குப் போய்ச் சேர்வது வாசனைக் கூழ்தான்.

நடுவில் குழி விழுவது குற்றமே அல்ல. பாரஃபின் உறையும்போது சுருங்கும், சுருக்கம் கடைசியில் உறையும் நடுப்பகுதியில் தெரியும். திரி ஓரம் ஒரு குச்சியால் குத்திவிட்டு, மிச்ச மெழுகைச் சூடாக்கி இரண்டாம் முறை ஊற்ற வேண்டும். எரியும்போது நடுவில் மட்டும் சுரங்கம் போல இறங்கி ஓரத்து மெழுகு அப்படியே நின்றால், குவளையின் அகலத்துக்குத் திரி ஒல்லி. கிரேயான் கரைத்து நிறம் கொடுப்பவர்கள் அதை விடுவது நல்லது. அதிலுள்ள நிறத்தூள் கரையாது, திரியின் துளைகளை அடைத்துவிடும்.

வாசனைக்கு வருவோம். ஜவ்வாது மலைச் சந்தனமும் திருப்பத்தூர் சந்தனக் கிடங்கும் பக்கத்தில் இருந்தும், அசல் சந்தன எண்ணெயில் மெழுகுவர்த்தி செய்ய யாருக்கும் கட்டுப்படியாகாது. மல்லிகை எண்ணெயும் அப்படித்தான். ஆகவே வாசனை எண்ணெய்க் கலவைகள். ரோஸ் வாட்டரை ஊற்றுபவர்கள் உண்டு. தண்ணீர் மெழுகில் கலக்காது, எரியும்போது சடசடவென்று தெறிக்கும். எண்ணெயில் கரையும் வாசனையை, மெழுகு 75-80 டிகிரிக்கு ஆறிய பிறகு, கிலோவுக்கு 30 முதல் 60 கிராம் வரை சேர்த்து இரண்டு நிமிஷம் நிதானமாகக் கிளற வேண்டும். அதிக சூட்டில் சேர்த்தால் வாசனை செய்பவர் வீட்டிலேயே போய்விடும், வாங்குபவர் வீட்டில் வராது. வாசனை போதவில்லை என்று மேலும் மேலும் ஊற்றினால் மெழுகு வியர்க்கும், திரி அடைபடும், மறுபடி புகை. இரண்டு மூன்று நாள் ஆறவிட்டு எரித்துப் பார்ப்பது நல்லது. வாசனை வரவில்லை என்றால் முதலில் திரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். உருகிய மெழுகுக் குளம் அகலமாக இருந்தால்தான் வாசனை கிளம்பும்.

வாங்குபவர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு மட்டும் செய்பவர் தயாராக இருக்க வேண்டும்: "இதுல மாட்டுக் கொழுப்பு இருக்கா?" இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1806 ஜூலை 10ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கு ஒரு காரணம், புதுத் தலைப்பாகையில் வைத்த தோல் பட்டை. 1857ல் தோட்டாவில் தடவிய கொழுப்பு. 1983ல் வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்பு கலந்த விவகாரம் நாட்டையே உலுக்கி, அதன் இறக்குமதிக்குத் தடை வந்தது. இப்போது கடையில் கிடைக்கும் ஸ்டியரிக் அமிலம் பெரும்பாலும் பாமாயிலில் இருந்து வருவது. ஆனால் விலங்குக் கொழுப்பில் செய்ததும் பார்வைக்கு அதே வெள்ளைச் செதில்கள்தான், அதே அமிலம்தான். கண்ணால், மூக்கால் பிரிக்க முடியாது. ஆகவே மூட்டையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து, பில்லைப் பத்திரப்படுத்தி, கேட்டவருக்கு உள்ளதைச் சொல்ல வேண்டும். பாரிமுனைப் பக்கத்து ரசாயனக் கடைகளில் 'வெஜிடபிள்' என்று தனியாகக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். பில்லிலும் அந்த வார்த்தையை எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.